பொன்மீன் பூங்காவின் நீர்

அநுராதபுரத்திலே, திஸ்ஸ வாவியின் அணைக்கட்டுக்கும் இசுருமுனிய விகாரைக்கும் இடையே, பாறைகளும் பொய்கைகளும் விரவிய பழந்தோட்டம் ஒன்றுண்டு. சிங்களத்தில் அதனை ‘ரன்மசு உயன’ என்பர். பொன்மீன் பூங்கா என்பது அதன் பொருள். ஏறத்தாழ 40 ஏக்கர் பரப்புடைய இத்தோட்டம், பண்டை அரசர் நீராடி இளைப்பாறிய இடமாகும்.

இங்குள்ள பொய்கைகளுக்கு நீரை இறைத்து ஊற்ற ஏற்றமோ பொறியோ வேண்டியிருக்கவில்லை. பள்ளம் நாடிப் பாய்வது நீரின் இயல்பு. அவ்வியல்பையே அக்காலத்துச் சிற்பிகள் வேலைக்கு அமர்த்தினர். வாவியின் நீர்மட்டம் தோட்டத்தின் நிலமட்டத்தைவிட உயர்ந்தது. ஆதலால், அணைக்கட்டின் ஊடாக வெளிவந்த நீர், கல்லால் அமைந்த கால்வழிகளினூடே தானாகவே ஓடிப் பொய்கைகளை நிரப்பிற்று. பொய்கையருகே ஒரு பாறையில் யானைகள் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. பொய்கை நிறைந்திருக்குங்கால் அந்த யானைகள் தாமரைத் தடாகத்தில் இறங்கி நீராடுவன போலத் தோன்றும். மாமல்லபுரத்துப் பல்லவர் சிற்பங்களோடு இவற்றை ஒப்பிடும் அறிஞர் உளர்.

இனி, திஸ்ஸ வாவிக்கு நீர் வந்த வழியை நோக்குவோம். வறண்ட வலயத்தில் மாரி பொய்த்தால் குளம் வற்றிவிடும். இக்குறையைத் தீர்க்க, 5-ஆம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேன மன்னன் அமைத்த கலாவாவியிலிருந்து ஏறத்தாழ 54 மைல் நீளமான ஜயகங்கை என்னும் கால்வாய் வெட்டப்பட்டது. அதன் முதல் 17 மைல் தூரத்துக்கு, மைலொன்றுக்கு 6 அங்குலம் அளவே சரிவு விடப்பட்டுள்ளது. சரிவு மிகுந்தால் வெள்ளம் கரையை அரித்துவிடும். சரிவே இல்லையேல் நீர் நகராது தேங்கும். இக்காலத்து அளவைக் கருவிகள் எவையுமின்றி இத்துணை நுண்ணிய சரிவைப் பல மைல் தூரம் பிழையாது பேணியமை வியப்புக்குரியது.

அரசன் நீராடிய நீர் வீணே போயிற்றா என்று கேட்கலாம். அதற்கு விடை, அண்மையிலுள்ள வெஸ்ஸகிரியில் கிடைத்த 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டிலே உள்ளது. திஸ்ஸ வாவியின் நீரைப் பங்கிடும் ஒழுங்கை அது கூறுகிறது. பூங்காவின் பொய்கைகளை நிரப்பிய நீர், பின்னர் விகாரைக்குரிய நெல்வயல்களுக்குச் சென்றது. வயலுக்கு உரிய நீரே வழியில் சிறிது நேரம் அரசனின் பொய்கையில் தங்கிச் சென்றது எனலாம். அதனாலேதான் அரசனின் இன்பத்தோட்டம் உழவனுக்குச் சுமையாகாது நிலைத்தது. மாரிகாலத்தில் அநுராதபுரம் செல்வோர் விகாரையைத் தரிசித்தபின், சற்று நடந்து இப்பொய்கைகளையும் கண்டு வருதல் நன்று.