ஏர் பிடித்ததா, ஓட்டை விழுந்ததா?

2025 ஜூலை 13 அதிகாலை, திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிப்போன சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பிடித்தது. 18 டேங்கர் வேகன்கள் எரிந்தன. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. கரும்புகைப் படங்களோடு கூடவே கிளம்பிய கேள்வி: இதையெல்லாம் குழாயில் அனுப்பித் தொலைத்தால் என்ன?

குழாயில் அனுப்பினால் என்ன ஆகும் என்று தண்டையார்பேட்டைக்காரர்களைக் கேட்கலாம். 2013-இல் அங்கே கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாய் கசிந்திருந்தது. கதிராமங்கலத்தையும் கேட்கலாம். 2017 ஜூன் 30 அன்று ஓஎன்ஜிசி குழாய் கசிந்து வயலில் கச்சா எண்ணெய் பரவியது.

ரயிலா, குழாயா என்ற சண்டை மும்முரமாக நடந்த இடம் வட அமெரிக்கா. இரு தரப்பும் கையில் புள்ளிவிவரத்தோடுதான் வரும். அபாயகரமான சரக்கில் 99.997 விழுக்காடு ரயில் விபத்தால் கசியாமல் போய்ச் சேர்கிறது என்பது ரயில்காரர்கள் சலிக்காமல் சொன்ன கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2008-இல் அமெரிக்காவின் பெரிய ரயில் நிறுவனங்கள் ஏற்றிய கச்சா எண்ணெய் சுமார் 9,500 வேகன். 2014-இல் அது 4.9 லட்சத்தைத் தாண்டியது. மிச்சமுள்ள 0.003 விழுக்காட்டை அதோடு பெருக்கினால் ஆண்டுக்குப் பதினைந்து வேகன். விபத்தில் ஒரு குவளை சொட்டிய வேகனும், ஊரைக் கொளுத்திய வேகனும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். குழாய்க்காரர்களோ, ஒரு டன் எண்ணெயை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோவதற்கு எத்தனை விபத்து என்று பார்க்கச் சொல்வார்கள். அந்த எண்ணிக்கை குறைவுதான், உண்மை. ஆனால் குழாய் ஒருமுறை உடைந்தால் பல வேகன் எண்ணெய் கொட்டிவிடலாம்.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு ஒரே பத்தி. 1865-இல் பென்சில்வேனியாவில் சாமுவேல் வான் சைக்கிள் என்பவர் எட்டு கிலோமீட்டருக்கு இரண்டு அங்குல இரும்புக் குழாய் போட்டார். பிழைப்பு போகிறதே என்று, பீப்பாய் சுமந்த குதிரைவண்டிக்காரர்கள் அதைப் பிடுங்கிப் போட்டார்கள். குழாய்தான் கடைசியில் வென்றது. வடக்கு டகோட்டாவின் பாக்கன் பாறைகளிலிருந்து, போதிய குழாய் வசதி வருமுன்னே எண்ணெய் கொட்டத் தொடங்கியதும் ரயிலுக்கு மறுபடி யோகம் அடித்தது.

அந்த யோகத்தின் விலை 2013 ஜூலை 6 நள்ளிரவு தாண்டி, கனடாவின் லாக்-மெகான்டிக் ஊரில் தெரிந்தது. 72 டேங்கர் வேகன்களில் பாக்கன் எண்ணெயோடு வந்த ரயிலை, ஊருக்குப் பதினொரு கிலோமீட்டர் மேலே, இறக்கமான பாதையில் நிறுத்திவிட்டு ஓட்டுநர் ஓய்வெடுக்கப் போயிருந்தார். ஏழு வண்டிகளில் மட்டும் கைப்பிரேக் போட்டிருந்தது. மீதி பாரத்தைத் தாங்கியது எஞ்சினின் ஏர் பிரேக். எஞ்சினில் தீப்பிடித்தது. தீயணைப்புப் படை வந்து அணைத்து, முறைப்படி எஞ்சினையும் நிறுத்தியது. எஞ்சின் நின்றால் கம்பிரசர் நிற்கும். கம்பிரசர் நின்றால் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பிரேக் குழாயில் காற்று சட்டென்று குறைந்தால் எல்லா வேகன்களிலும் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். வெஸ்டிங்ஹவுஸ் என்பவர் 1870-களில் செய்த அருமையான ஏற்பாடு அது. ஆனால் காற்று மெல்ல மெல்லக் குறைந்தால் அந்த ஏற்பாட்டுக்கு உறைக்காது. அன்று மெல்லத்தான் குறைந்தது. வண்டி உருண்டு, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகமெடுத்து, ஊர் நடுவே கவிழ்ந்தது. 47 பேர் இறந்தார்கள். எளிதில் தீப்பற்றும் அந்த எண்ணெயைச் சரக்குச் சீட்டில் அபாயம் குறைந்த வகை என்று எழுதியிருந்தது விசாரணையில் வெளிவந்தது.

இந்தக் கதையைச் சொல்லிக் குழாய்க்கு ஓட்டுக் கேட்பவர்கள், அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு மிச்சிகன் மாநிலத்தின் மார்ஷல் ஊரில் நடந்ததைச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் சுவையான கதை. காரணம் ஒரு குமிழ்.

குழாய் மேடு ஏறி இறங்கும் இடத்தில் அழுத்தம் ரொம்பக் குறைந்தால், உச்சியில் எண்ணெயின் லேசான பகுதி ஆவியாகி ஒரு ஆவிக் குமிழ் உண்டாகும். எண்ணெய்த் தூண் இரண்டாக அறுந்து நிற்கும். பம்பை ஓட்டி மேலும் எண்ணெய் தள்ளினால் குமிழ் நசுங்கும், அழுத்தம் திரும்பும். தொழிலில் இது சாதாரணம். சிக்கல் என்னவென்றால், குழாய் வெடித்தாலும் கட்டுப்பாட்டு அறைத் திரையில் தெரிவது இதேதான்: அழுத்தம் குறைகிறது, உள்ளே போன அளவு வெளியே வரவில்லை. நோய்க்குறி ஒன்று, நோய் இரண்டு. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு விஷம்.

கீழே போர் மோட்டார், மேலே சின்டெக்ஸ் தொட்டி உள்ள வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. ஏர் பிடித்திருக்கலாம், மண்ணுக்கடியில் பைப் உடைந்திருக்கலாம். ஏர் என்றால் இன்னும் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும். உடைசல் என்றால் ஓட்டுவதெல்லாம் மல்லிகைப் பந்தலுக்குத்தான். வீட்டுக்காரர் துபாயில் இருந்தபடி செல்போனில் மோட்டாரை இயக்குகிறார். சுவிட்ச் பக்கத்தில் "பத்து நிமிடத்தில் ஏறாவிட்டால் நிறுத்து" என்று அவரே எழுதி ஒட்டியிருக்கிறார். இருந்தாலும் "ஏர்தான்" என்று ஓட்டுகிறார். தூக்கம் வந்ததும் தம்பியிடம் பொறுப்பைக் கொடுக்கிறார். தம்பியும் "ஏர்தானாம்" என்று ஓட்டுகிறார். காலையில் பக்கத்து வீட்டு அக்கா போன் போட்டு, "தம்பி, உங்க தண்ணி எங்க வாசல்ல ஓடுது" என்று சொன்ன பிறகுதான் மோட்டார் நிற்கிறது.

2010 ஜூலை 25 மாலை தொடங்கி 17 மணி நேரம் நடந்தது இதேதான். என்பிரிட்ஜ் நிறுவனத்தின் 30 அங்குலக் குழாய், திட்டமிட்டபடி நிறுத்தப்படும் நேரம் பார்த்துக் கிழிந்தது. அதனால் எச்சரிக்கை மணிகளெல்லாம் நிறுத்தத்தின் கணக்கில் போயின. கட்டுப்பாட்டு அறை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கனடாவின் எட்மன்டனில். நாற்றம் அடிக்கிறது என்று ஊர்க்காரர்கள் அன்றிரவே அவசர எண்ணுக்குப் பேசினார்கள். தேடியவர்களுக்கு எதுவும் அகப்படவில்லை. பணியாளர்கள் மாறினார்கள், "குமிழ்தான்" என்ற முடிவு மாறவில்லை. மறுநாள் இரண்டு முறை பம்பை ஓட்டினார்கள். கொட்டியதில் 81 விழுக்காடு அந்த இரண்டு ஓட்டத்தில் கொட்டியதுதான். கடைசியில் சேதி சொன்னவர் வேறொரு எரிவாயு நிறுவன ஊழியர். பத்து நிமிட விதியும் நிஜம்: 1991-இல் மினசோட்டாவில் குழாய் உடைந்து பட்ட அடிக்குப் பிறகு அந்த நிறுவனமே வகுத்துக்கொண்டது.

கொட்டியது சுமார் 32 லட்சம் லிட்டர். அதுவும் தார் போன்ற பிட்டுமெனை லேசான கரைப்பான் கலந்து இளக்கிய சரக்கு. கரைப்பான் காற்றில் பறந்தது, கனமானது கலமசூ ஆற்றின் அடியில் படிந்தது. உடனடி உயிரிழப்பு இல்லை. ஆற்றைத் துப்புரவாக்க நூறு கோடி டாலருக்கு மேல் செலவானது. கிழிந்த இடத்தில் இருந்த விரிசல் 2005-ஆம் ஆண்டுச் சோதனையிலேயே கருவியில் பதிவாகியிருந்தது என்பது தனி வயிற்றெரிச்சல்.

இரண்டு விபத்துக்கும் பிறகு தொழில்நுட்ப விற்பனையாளர்கள் வரிசையில் நின்றார்கள். புதிய வேகன்களின் எஃகு 11 மில்லிமீட்டரிலிருந்து 14 ஆனது. நல்லதுதான், நூறு கிலோமீட்டர் வேகத்தில் கவிழும் வண்டியை மூன்று மில்லிமீட்டர் எவ்வளவு காப்பாற்றும் என்பது வேறு விஷயம். குழாய்களுக்குக் கணினிக் காவல் இருக்கிறது. ஆனால் ஓட்டத்தில் ஒரு விழுக்காட்டுக்குக் கீழான குறை பெரும்பாலும் அளவீட்டுப் பிழைக்குள் மறைந்துபோகும். நாளுக்கு ஒரு லட்சம் பேரல் ஓடும் குழாயில் ஒரு விழுக்காடு என்பது 1.59 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் பதின்மூன்று லாரி.

என் தீர்ப்பு இது. ரயில் விபத்து ஊருக்குள் நடக்கிறது, ஆளைக் கொல்கிறது, உடனே தெரிகிறது. குழாய் விபத்து மண்ணையும் தண்ணீரையும் கொல்கிறது, தாமதமாகத் தெரிகிறது. பெருமளவில் நாள் தவறாமல் அனுப்ப வேண்டுமானால் குழாயே மேல். ஒரே நிபந்தனை: சந்தேகம் வந்ததும் நிறுத்துகிறவருக்கு, நட்டக் கணக்குக் கேட்டு யாரும் குடைச்சல் கொடுக்கக் கூடாது. ரயிலுக்கும் அதே நிபந்தனை. அங்கே நட்டம் என்பது இன்னும் நாலு கைப்பிரேக் போடும் நேரம்.

உங்கள் ஊர் வழியாக எண்ணெய்க் குழாய் போகிறதென்றால், வழியெங்கும் நட்டிருக்கும் எச்சரிக்கைப் பலகையில் அவசரத் தொலைபேசி எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குறித்து வையுங்கள். இல்லையென்றால் ஊராட்சியில் கேளுங்கள். கிணற்றில் எண்ணெய் மினுக்கினாலோ, மண்ணில் பெட்ரோல் நாற்றம் அடித்தாலோ அதைத் திரைக்கு முன்னே இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல் உடனே போன் போடுங்கள்.