குழிக்களரியும் துப்பாக்கி வரிசையும்

சின்னக்கானலில் தங்கும் பயணிகள் பலர் ஒரு மாலையை மூணாறில் களரிப்பயட்டுக் காட்சிக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். வாளும் கேடயமும் மோதித் தீப்பொறி பறக்கிறது, உறுமி என்ற சுருள்வாள் காற்றைக் கிழித்துச் சுழல்கிறது, அரங்கமே கைதட்டுகிறது. ஆனால் இது மேடைக்காகப் பிறந்த கலை அல்ல. மலையாள நாட்டு அரசர்களின் படைகளுக்கு ஆள் தயாரித்துக் கொடுத்த பயிற்சிக்கூடம்தான் களரி.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபார் கரையில் வாழ்ந்த போர்ச்சுகீசியர் துவார்த்தே பார்போசா, நாயர் சிறுவர்கள் ஏழு வயதிலேயே இந்தப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டதை எழுதி வைத்திருக்கிறார். பணிக்கர், குறுப்பு என்ற பட்டங்கள் தாங்கிய ஆசான்கள் கற்றுக்கொடுத்தார்கள்.

வடக்கன் முறையில் களரி என்பது மண்ணில் தோண்டிய குழி. 42 அடி நீளம், 21 அடி அகலம், மேலே ஓலைக் கூரை. வாசல் கிழக்கே, தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட பூத்தறை என்ற பீடம். குழி எதற்கு? காற்றின் வெப்பம் ஏறி இறங்கும் அளவுக்குத் தரைக்குள் வெப்பம் மாறுவதில்லை. உடம்பெல்லாம் எண்ணெயும் வியர்வையுமாக இருக்கும்போது நேரடிக் காற்று பட்டால் உடல் சீக்கிரம் குளிர்ந்துவிடும். மண்சுவர் அதைத் தடுக்கிறது. மழைக்காலத்தில்தான் பயிற்சி சூடுபிடிக்கும் என்பதை நினைத்தால் இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

முதல் கட்டம் உடற்பயிற்சியான மெய்த்தாரி. கம்பு பிடிக்கும் கோல்த்தாரியும் வாள் பிடிக்கும் அங்கத்தாரியும் அதற்குப் பிறகுதான். மெய்த்தாரியில் யானை, சிங்கம், குதிரை என்று விலங்குகளின் பெயரில் வடிவுகள் உண்டு. பெரும்பாலானவற்றில் கால்கள் அகன்று, இடுப்பு தரையை நோக்கித் தாழ்கிறது. உடலின் ஈர்ப்பு மையம் கீழே போகும்போதும், பாதங்களுக்கு இடையே உள்ள பரப்பு விரியும்போதும், அந்த ஆளைத் தள்ளிச் சாய்ப்பது கடினம். மடங்கிய முழங்காலில் தொடைத் தசை ஏற்கெனவே இழுபட்டு நிற்பதால், அங்கிருந்து பாய்வதற்கு இன்னொரு முறை குனிந்து எழ வேண்டியதில்லை.

அந்த அளவு தாழ்வதற்கு உடல் வளைய வேண்டும். அதற்குத்தான் உழிச்சில். குரு மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் படுத்திருக்கும் சீடனின் உடம்பில் காலால் எண்ணெயை அழுத்தித் தேய்ப்பார். நாள்தோறும் நீட்டிப் பழகும் உடல் வளைவதற்குத் தசை நீளமாவது மட்டும் காரணமல்ல. நீட்சியைப் பொறுத்துக்கொள்ள நரம்புகள் பழகுவதற்கும் பெரிய பங்கு உண்டு என்கிறது இன்றைய உடலியல். இப்படிப் பழகிக் களரியில் தேற ஆண்டுகள் ஆகும். களரியின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

ஏனென்றால் துப்பாக்கிக்கு ஆண்டுகள் தேவைப்படவில்லை. அந்தக் காலத்து மஸ்கட் துப்பாக்கி நூறு கெஜத்துக்கு அப்பால் குறி தவறும். நிமிடத்துக்கு இரண்டு மூன்று குண்டுகள்தான் சுடும். ஒருவன் சுட்டுப் பயனில்லை. தோளோடு தோள் நின்று ஒரே நேரத்தில் சுட்டால்தான் பலன். தாழ்ந்து பதுங்கிப் பாய்கிறவனுக்கு அந்த வரிசையில் இடமில்லை. நிமிர்ந்து நிற்கத் தெரிந்தவன் சில மாதங்களில் சிப்பாய் ஆகிவிடலாம்.

1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை முறியடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, சிறைப்பட்ட டச்சுப் படை அதிகாரி யூஸ்டேசியஸ் டி லனாயையே தன் படைக்குப் பயிற்சியாளராக்கினார். வலிய கப்பித்தான் என்று பெயர்பெற்ற அவர் ஐரோப்பிய அணிவகுப்பைப் புகுத்தினார். 1777இல் இறந்த அவருடைய கல்லறை தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. அதில் லத்தீனோடு தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். குமரி மாவட்டத்துக்குப் போகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய கல் அது.

மலபாரில் களரியின் வீழ்ச்சி இன்னும் கொடியது. ஆங்கிலேயரை எதிர்த்த பழசி ராஜாவின் கிளர்ச்சியை ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆயுதம் வைத்திருப்பதையே ஒடுக்கியது. 1805இல் ராஜா மாண்டார். களரிகள் படையிலிருந்து விலகி, குடும்பங்களுக்குள்ளும் எலும்பு முறிவு வைத்தியத்துக்குள்ளும் ஒதுங்கின. 1920களில் தலச்சேரியில் கோட்டக்கல் கணாரன் குருக்களும் அவர் சீடர் சி.வி. நாராயணன் நாயரும் அதை மறுபடி பொதுவெளிக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் இல்லையென்றால் மூணாறில் இன்று காட்சியே இருக்காது என்று நினைக்கிறேன்.

திருவிதாங்கூர்ப் படை என்ன ஆனது? திருவிதாங்கூர் தளவாய் வேலுத்தம்பியின் 1809 கிளர்ச்சிக்குப் பின் கலைக்கப்பட்டு, பிறகு நாயர் பிரிகேடாக உருவெடுத்து, சுதந்திரத்துக்குப் பின் இந்திய ராணுவத்தில் இணைந்தது. இன்று அந்த மரபைச் சுமப்பது மதராஸ் ரெஜிமென்ட்டின் 9ஆம் பட்டாலியன். அந்த ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் நீலகிரியில், வெலிங்டனில். அணிவகுப்பு களரியை வெளியேற்றிய படையின் வாரிசுகள் இருக்கும் அதே ரெஜிமென்ட்டின் வீரர்கள் இப்போது ராணுவ விழாக்களில் களரிப்பயட்டு நிகழ்த்திக் காட்டுகிறார்கள். களரியில் குரு வாய்த்தாரி என்ற வாய்மொழிக் கட்டளைகளைச் சொல்லச் சொல்ல, காதில் விழுந்த சொல் யோசனையைத் தாண்டித் தசைக்குப் போகிறது. அணிவகுப்பு மைதானத்தில் ஹவில்தார் குரல் கொடுக்கும்போதும் நடப்பது இதுவே.