பலெர்மோ: தூண்களில் தங்கிவிட்ட அரபு எழுத்து

கிறித்தவப் பேராலயம் ஒன்றின் வாசல் தூணில் திருக்குர்ஆன் வசனம் பொறிக்கப்பட்டுள்ளது என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். இத்தாலியின் தெற்கே, சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் அத்தூணை இன்றும் காணலாம். இரவையும் பகலையும் படைத்தவனின் வல்லமையைக் கூறும் ‘அல் அஃராஃப்’ அத்தியாயத்தின் 54ஆவது வசனம் அதில் உள்ளது. 1185இல் இப்போதைய ஆலயத்தைக் கட்டத் தொடங்குமுன், முஸ்லிம்களின் ஆட்சியில் அவ்விடம் பள்ளிவாசலாக இருந்தது.

இத்தாலி என்றதும் ரோமாபுரியும் வெனிஸும் பைசாவின் சாய்ந்த கோபுரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. பலெர்மோவை அறிந்தவர் நம்மில் குறைவு. கி.பி. 831இல் வட ஆப்பிரிக்காவின் அக்லபியர் படை அந்நகரைக் கைப்பற்றியது; 1072இல் நார்மன்கள் அதனை வென்றனர். இடைப்பட்ட 241 ஆண்டுகளின் சுவடு தெருப் பெயர்களிலேயே இருக்கிறது. நகரின் பழைய நெடுந்தெரு ‘கஸ்ஸாரோ’. அது அரபுமொழியின் ‘அல் கஸ்ர்’, அதாவது கோட்டை. கடலோரப் பகுதியான ‘கல்ஸா’, 937இல் அமைக்கப்பட்ட ‘அல் காலிஸா’ என்னும் அரண்மனைக் குடியிருப்பின் பெயர். தோட்டத்து நீர்த்தொட்டியைச் சிசிலி விவசாயி ‘ஜெப்பியா’ என்கிறார். அரபியில் அது ‘ஜாபியா’. ஆரஞ்சு மலருக்கு அவர் வழங்கும் ‘சாகரா’ என்ற பெயரும் அரபியிலிருந்து வந்ததே.

973இல் அங்கு சென்ற பயணி இப்னு ஹவ்கல், நகரில் முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருந்ததாக எழுதினார். முந்நூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் இருந்ததையும் எழுதிவிட்டு, அவர்களது அறிவைக் கடுமையாகப் பரிகசித்திருக்கிறார். மத்ரஸாவில் பாடம் நடத்தும் எனக்கு அப்பகுதியைப் படிக்கையில் சற்றே முகம் சிவந்தது. ஆயினும் மனிதர் மிகைப்படுத்துபவர் என்று எண்ணி ஆறுதல் அடைந்தேன்.

நார்மன் மன்னர்கள் அரபியரை வென்றார்களே தவிர, அரபியரின் கலையை விட்டுவிடவில்லை. இரண்டாம் ரோஜர் மன்னரின் அரண்மனைச் சிற்றாலயத்தில் தேன்கூட்டைப் போன்று மரத்தால் அமைந்த விதானத்தை அண்ணாந்து பார்த்தால் கூஃபி எழுத்துகள் தெரியும். அங்கு தீட்டப்பட்டுள்ள இசைவாணர்களும் மதுக்கிண்ணம் ஏந்தியவர்களும் நமக்கு உவப்பானவர்கள் அல்லர். ஆனால் அக்கைத்திறனை மறுக்க இயலாது. அம்மன்னரின் சிவப்புப் பட்டு அங்கியின் ஓரத்தில், அது பலெர்மோவின் அரச பட்டறையில் ஹிஜ்ரி 528இல் நெய்யப்பட்டதென்று அரபியில் தைக்கப்பட்டுள்ளது. இன்று அது வியன்னாவில் இருக்கிறது. அல் இத்ரீஸி உலகப் புவியியல் நூலை 1154இல் நிறைவு செய்ததும் அதே மன்னரின் ஆதரவில்தான்.

நகரின் மேற்குப் பகுதியில் ‘ஸீஸா’ மாளிகை நிற்கிறது. ‘அல் அஸீஸா’ என்பதே அப்பெயரின் மூலம். 1165ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்ட இக்கோடை மாளிகை கடற்காற்றை எதிர்நோக்கி அமைந்தது. கூடத்தின் சுவரிலிருந்து வழியும் ஊற்றுநீர் தரையிலுள்ள கால்வாய் வழியே வெளிக்குளத்திற்குச் செல்லும். உட்புகும் காற்று அந்நீரில் பட்டுக் குளிரும். மின்விசிறி அறியாத காலத்தின் குளிர்சாதனம்!

அம்மாளிகை அருங்காட்சியகத்தில் ஒரு கல்லறைக் கல்லைத் தவறாது பாருங்கள். 1149இல் ஒரு கிறித்தவப் பாதிரியார் தம் தாய் அன்னாவின் நினைவாக வைத்தது. இலத்தீன், கிரேக்கம், அரபி, எபிரேய எழுத்திலமைந்த அரபி என நான்கு வடிவங்களில் ஒரே செய்தி. தாயை இழந்த மகன், ஊரார் யாவரும் படித்தறிய வேண்டுமென விரும்பியிருக்கிறான்.

இத்தகைய காட்சிகளைக் கண்டு, அக்காலம் முழுவதும் இனிமையாகவே கழிந்ததென எண்ணிவிடக் கூடாது. 1184 டிசம்பரில், ஹஜ்ஜை நிறைவேற்றித் திரும்பிய இப்னு ஜுபைர் கப்பல் விபத்தில் தப்பிப் பலெர்மோவை அடைந்தார். கிறிஸ்துமஸ் அன்று அந்நகரத்துக் கிறித்தவப் பெண்கள் பட்டாடை உடுத்து, முகத்திரையிட்டு, மருதாணி பூசி, முஸ்லிம் மாதரைப் போன்றே ஆலயம் சென்றதை அவர் கண்டு வியந்தார். முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசல்கள் இருந்தன, பாங்கொலி கேட்டது, காழியும் இருந்தார். ஆனால் ஜும்ஆவின் குத்பாவுக்குத் தடை. அரண்மனையில் பணிபுரிந்தோர் தம் ஈமானை மறைத்தே வாழ்ந்தனர்.

பின்னர் அவர் கப்பலுக்காகத் தீவின் மேற்கே திராபானியில் காத்திருந்தபோது நடந்ததைப் பெண்மக்களைப் பெற்ற எவரும் எளிதில் மறக்க இயலாது. அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் ஹாஜிகளில் ஒருவரிடம் தம் மகனை அனுப்பினார். “என் மகளை ஏற்றுக்கொள்ளுங்கள், தாங்களே மணந்துகொள்ளலாம், அல்லது தங்கள் ஊரில் தக்கவருக்கு மணமுடித்து வைக்கலாம், அவள் முஸ்லிம்களின் நாட்டில் வாழ்ந்தால் போதும்” என்பது அவரது வேண்டுகோள். தந்தையையும் உடன்பிறந்தாரையும் மீண்டும் காணப்போவதில்லை என்று அறிந்தும் அப்பெண் மனமுவந்து சம்மதித்தாள். இப்னு ஜுபைர் அவளது பெயரைக் குறிப்பிடவில்லை.

அத்தந்தையின் அச்சம் வீணானதன்று. 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பிரெடெரிக் மன்னர் சிசிலி முஸ்லிம்களை இத்தாலிய நிலப்பரப்பிலுள்ள லூசெராவுக்குக் குடிபெயர்த்தார். 1300இல் அக்குடியிருப்பும் அழிக்கப்பட்டு, எஞ்சியோரில் பெரும்பாலோர் அடிமைகளாக விற்கப்பட்டனர்.

நார்மன் காலத்து அரபுக் கலைச்சின்னங்களை யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கஸ்ஸாரோவை ஒட்டிய குறுகிய தெருவொன்றில், முன்பு தேவாலயமாக இருந்த கட்டடத்தில் இன்று பள்ளிவாசல் இயங்குகிறது; பலெர்மோ செல்பவர்கள் அங்கு தொழலாம்.