வீடியோ கேமும் ஆன்லைன் போக்கரும் ஒன்றா? கணக்கு என்ன சொல்கிறது?

ராத்திரி 11 மணிவரை வீடியோ கேம், அப்புறம் ‘கட்டுப்பாடா’ ஒரு மணி நேரம் பணம் கட்டி போக்கர். “ரெண்டுமே கேம்தானே, பேலன்ஸ் பண்ணிக்கலாம்” என்று நினைக்கிறீர்களா? ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

சம திறமை உள்ள இருவர் ஆட்டத்துக்கு ஆளுக்கு 500 ரூபாய் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடத்தும் தளம் ‘ரேக்’ என்ற பெயரில் 5% கமிஷன் எடுத்தால், ஒரு ஆட்டத்துக்கு 50 ரூபாய். 20 ஆட்டத்தில் 1,000 ரூபாய். இருவரும் சரிபாதி ஜெயித்தாலும் ஆளுக்கு 500 ரூபாய் நஷ்டம்!

வீடியோ கேமில் தோற்றால் போவது பெரும்பாலும் நேரம். போக்கரில் தோற்றால், விட்ட பணத்தைப் பிடிக்கணும் என்ற வேகம் வரும். தூக்கம் கெட்ட நேரத்தில் அதை அடக்குவது இன்னும் கஷ்டம்.

சட்டமும் இங்கேதான் கோடு போடுகிறது. 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரிக்கிறது. பணம் கட்டி ஆடுவது திறமை விளையாட்டாகவே இருந்தாலும் தடைதான். நடத்துவோருக்கு 3 ஆண்டுவரை சிறை, 1 கோடி ரூபாய்வரை அபராதம்.

எனவே, கேமுக்கு நேர வரம்பு வையுங்கள். பணம் கட்டும் போக்கரை விட்டுவிடுங்கள். முடியவில்லையா? டெலி-மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.