மின்சார மிதிவண்டி வாங்கப் போகிறீர்களா?

சந்தைக்கு ஒன்றரை கிலோமீட்டர். பிள்ளைகளின் பள்ளிக்கு இரண்டு. வங்கிக்கும் மருந்துக் கடைக்கும் இன்னும் சற்றுத் தொலைவு. குடும்பத் தலைவர் கடல் கடந்து பொருளீட்டச் சென்றிருக்கும் இல்லங்களில் இந்த அலைச்சல் முழுவதும் இல்லத்தரசியின் தோளில் விழுகிறது. ஆட்டோவுக்குக் கொடுத்து மாளாது. வெயிலில் நடந்தும் மாளாது. இத்தகைய குறுந்தொலைவுப் பயணத்திற்குப் பொருத்தமானது மின்சார மிதிவண்டி. ஆயினும் விளம்பரத்தைக் கண்டு, விலையை மட்டும் கேட்டு வாங்கிவரும் பொருளன்று அது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மேற்படாமலும் இருந்து, அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தின் சான்றும் இருக்குமாயின், அவ்வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. ஓட்டுநர் உரிமமோ பதிவு எண்ணோ அதற்குத் தேவையில்லை. அச்சான்றின் நகலை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். "இந்த ஒயரைக் கழற்றிவிட்டால் நாற்பதில் பறக்கும்" என்று காதோடு காதாகச் சொல்லும் கடைக்காரர்களும் உண்டு. கழற்றிய மாத்திரத்தில் அது மோட்டார் வாகனமாகிவிடுகிறது. பதிவும் இல்லை, காப்பீடும் இல்லை. நாளை ஒருவர்மீது மோதிவிட்டால் இழப்பீட்டுச் சுமை யார் தலையில் விடியும்?

வண்டியின் உயிர் பேட்டரியில் இருக்கிறது. விலையில் பெரும்பகுதியும் அதற்கே போகிறது. அதன்மேல் 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். 360 வாட்-மணி கிடைக்கும். மிதிக்காமல் மோட்டாரை மட்டும் நம்பி ஓட்டினால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 வாட்-மணி செலவாகும். ஆக, 24 கிலோமீட்டர் ஓடும். பின்னிருக்கையில் பிள்ளையும் முன்கூடையில் அரிசிப் பையும் இருந்தால் இருபதுக்கும் கீழே இறங்கும். நீங்களும் சற்று மிதித்துக் கொடுத்தால் முப்பதைத் தாண்டும். "அறுபது கிலோமீட்டர்" என்று வண்ணத்தாளில் அச்சிட்டிருப்பதை இந்தச் சிறு கணக்கைக் கொண்டு சோதித்துக் கொள்ளலாம். மின்கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். இந்த அளவு பேட்டரியை நிரப்ப அரை யூனிட்டுக்கும் குறைவான மின்சாரமே ஆகும்.

மலிவு வண்டிகளில் ஈய-அமில பேட்டரி வைத்திருப்பார்கள். விலை குறைவுதான், ஆனால் கனம் மிகுதி, ஆயுளும் குறுகியது. மாடிப்படி ஏற்றிச் செல்வது கடினம். லித்தியம் வகையே ஏற்றது. அதிலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் வகையைவிடச் சற்றுக் கனமானதாயினும் வெப்பத்தை நன்கு தாங்கும், நெடுநாள் உழைக்கும். நம் ஊர்களின் கோடைக்கு அதுவே தகும் என்பது என் கருத்து.

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் இருந்த மின்ஸ்கூட்டர் இரவில் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி உயிரிழந்தனர். அவ்வாண்டு நாட்டின் பல இடங்களில் இவ்வாறு தீ விபத்துகள் நேர்ந்தபின், மின்ஸ்கூட்டர் பேட்டரிகளுக்கான சோதனை விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டங்களாக அவை நடைமுறைக்கு வந்தன. ஆனால் அவ்விதிகள் மோட்டார் வாகனங்களுக்கு உரியவை. மிதிவண்டி வாங்குவோர் தாமே விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

ஆகவே, கழற்றி எடுக்கத்தக்க பேட்டரியுள்ள வண்டியைத் தேர்ந்தெடுங்கள். வெயிலில் ஓடி வந்தவுடன் சார்ஜில் போடாமல், அரைமணி நேரம் ஆறவிடுங்கள். வாசல் நடையிலும் மாடிப்படியின் கீழும் சார்ஜ் செய்வது பெருந்தவறு. தீப்பற்றினால் வெளியேறும் வழியே அடைபட்டுப் போகும். வீட்டார் உறங்கும் இரவில் வேண்டாம். விழித்திருக்கும் பகலில், மெத்தை, திரைச்சீலை அருகில்லாத வெறுந்தரையில் வையுங்கள். வண்டியுடன் வந்த சார்ஜர் பழுதானால் கைக்குக் கிடைத்த வேறொன்றைச் செருகாதீர்கள். உப்பிய பேட்டரியையும், மழைநீர் புகுந்த பேட்டரியையும் வீட்டுக்குள் வைத்திருக்கவே கூடாது.

வீட்டில் கிடக்கும் பழைய மிதிவண்டியில் மோட்டார் பூட்டிக் கொள்ளலாமே என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. சக்கரத்தின் குடத்தில் அமைந்த மோட்டார், கட்டுப்பாட்டுப் பெட்டி, முறுக்குக் கைப்பிடி, பேட்டரி ஆகியவை அடங்கிய தொகுப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. கைத்திறன் உள்ளோருக்கு அது எளிதே. ஆனால் சான்று பெற்ற வண்டிக்குரிய சட்டச் சலுகை வீட்டில் கட்டிய வண்டிக்குத் தானாகக் கிட்டிவிடாது. மேலும், முன்சக்கரத்தில் பூட்டுவதாயின் கவை எஃகினாலானதாக இருத்தல் வேண்டும். அச்சு சுழன்று பிடுங்கிக் கொள்ளாதபடி தடுப்புத் தகடும் பொருத்தப்பட வேண்டும். பழைய கம்பி பிரேக்குகள் மழைநாளில் வழுக்கும்; மோட்டாரின் வேகத்துக்கு அவை போதா.

எவ்வண்டியாயினும், வாங்கும் நாளில் கடை வாசலிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுழலவிட்டு, பிரேக்கை மெல்லத் தொடுங்கள். தொட்ட கணமே மோட்டாருக்குச் செல்லும் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். பிறகு, வழக்கமாக ஏற்றிச் செல்லும் சுமையை ஏற்றிக்கொண்டு, உங்கள் ஊரின் மேடான பாலம் ஒன்றில் ஏறிப் பாருங்கள். பாதியில் திணறும் வண்டியை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.