இடிக்காமல் பிரிக்கலாம்

சேலம், நாமக்கல் சமவெளியில் பழைய ஓட்டு வீடுகள் வேகமாக மறைந்து வருகின்றன. சேலத்தின் செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை பகுதிகளிலும், இராசிபுரம், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் பழைய தெருக்களிலும், திண்ணையும் மரத்தூணும் கொண்ட வீடுகள் இருந்த இடங்களில் கான்கிரீட் கட்டடங்கள் எழுகின்றன. இதை ஏக்கத்தோடு மட்டும் பார்ப்பதில் பயனில்லை. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இது ஏன் நடக்கிறது என்ற கேள்வியே எனக்கு முதன்மையாகப் படுகிறது.

வீட்டின் உரிமையாளரைக் குறை கூற இயலாது. ஓடு மாற்றவும், செல்லரித்த கைமரத்தை நீக்கிப் புதிது பொருத்தவும் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. உடன்பிறந்தோர் நால்வர் பாகம் பிரிக்க வேண்டுமெனில், முற்றம் வைத்த வீட்டை நான்காக வெட்ட முடியாது. மனையை விற்றுப் பணத்தைப் பங்கிடுவதே எளிது. மனையின் விலை உயர உயர, அதன்மேல் நிற்கும் வீடு சொத்தாகத் தெரியாமல் தடையாகத் தெரிகிறது.

எனவே, இடித்து அகற்றுபவரிடம் ஒரு தொகைக்குப் பேசி விடுகிறார்கள். மனையை விரைந்து ஒப்படைக்க வேண்டும் என்பதால் பொக்லைன் இயந்திரம் வருகிறது. தேக்குக் கதவும் நிலையும் தப்பிப் பழைய மரக் கடைக்குப் போகின்றன. வேம்பு, பனை ஆகியவற்றாலான கைமரங்கள் முறிந்து விறகாகின்றன. நாட்டு ஓடுகள் நொறுங்கி, சுவர் மண்ணோடு எங்கோ கொட்டப்படுகின்றன.

பழைய பொருள்களுக்குச் சந்தை இல்லாமல் இல்லை. காரைக்குடியில் செட்டிநாட்டு வீடுகளின் தூண்களையும் கதவுகளையும் விற்கும் கடைத்தெருவே உண்டு. ஆனால், அது உறுப்புகளுக்கான சந்தை. தூணுக்கு விலை உண்டு. வீட்டுக்கு விலை இல்லை. முழு வீட்டையும் வாங்கி வேறிடத்தில் எழுப்ப விரும்புபவர் ஓர் ஊரில் இருப்பார்; விற்பவர் வேறோர் ஊரில் இருப்பார். இருவரும் சந்திப்பதற்கு முன்பே வீடு தரைமட்டமாகிவிடும்.

இத்தனைக்கும், மரச்சட்டகம் கொண்ட வீட்டின் தனிச்சிறப்பே அதைப் பிரித்து மீண்டும் பூட்ட முடியும் என்பதுதான். பழந்தச்சர்கள் உத்திரத்தையும் தூணையும் துளையும் கழுந்துமாகப் பொருத்தினார்கள். கட்டிய வரிசைக்கு நேர்மாறாக, முதலில் ஓடு, பிறகு வரிச்சல், கைமரம், உத்திரம், போதிகை, தூண் எனக் கழற்றலாம். ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணிட்டு, வரைபடத்தில் குறித்துக்கொண்டால் போதும். நுனி உளுத்த உத்திரத்தை வீசிவிட வேண்டியதில்லை. உளுத்த பகுதியை மட்டும் வெட்டிப் புதுமரம் இணைக்கலாம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல்லைச் சுரண்டி மறுபடி பயன்படுத்தலாம். சிமெண்டில் கட்டிய செங்கல்லோ பெரும்பாலும் உடைந்துதான் வரும்.

இது வெறும் கற்பனை அன்று. சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் 1891-இல் திறக்கப்பட்ட ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய பண்ணை வீடுகளை நாட்டின் பல பகுதிகளிலிருந்து பிரித்துக் கொணர்ந்து நிறுவினார்கள். நம் முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, செட்டிநாட்டு வணிகர் வீடு, கேரளத்துச் சிரியன் கிறித்தவர் வீடு முதலியவற்றை இவ்வாறே பெயர்த்து எழுப்பியது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரம் 2016-இல் ஒரு படி மேலே சென்றது. 1916-ஆம் ஆண்டுக்குள் கட்டப்பட்ட வீடுகளை இயந்திரத்தால் தகர்க்கக் கூடாது, கையால்தான் பிரிக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. பின்னர் அந்த வரம்பை 1940 வரை நீட்டியது.

இடம் பெயர்ந்த வீடு தன் தெருவையும் அண்டை அயலையும் இழக்கிறதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். வீடு நின்ற இடத்திலேயே நிற்பதும், அதில் மனிதர் வாழ்வதுமே முதல் தேர்வு. அது இயலாதபோது முழுமையாகப் பெயர்ப்பது இரண்டாவது. உறுப்புகளைக் காப்பது மூன்றாவது. நாம் இவற்றையெல்லாம் தாண்டி நேராகக் குப்பைமேட்டுக்குப் போகிறோம் என்பதே என் கவலை.

இன்னொரு தடை, செலவு. இயந்திரம் ஓரிரு நாளில் முடிப்பதைக் கைகள் செய்ய வாரக்கணக்கில் ஆகும். இந்தக் கூடுதல் செலவு உரிமையாளரின் தலையில் விழுகிறது. காக்கப்படும் மரமும், குறையும் குப்பையும், தச்சருக்குக் கிடைக்கும் கூலியும் ஊருக்குப் பயன். தனிநபர் செலவும் பொதுப் பயனும் இவ்வாறு விலகி நிற்கும்போது, சந்தை தானாகச் சரிசெய்து கொள்ளாது. அரசு சிறிது கைகொடுக்க வேண்டும்.

அதற்குப் பெரும் நிதி தேவையில்லை. 2024 முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, இணையவழிச் சுயசான்று முறையில் அனுமதி பெறலாம். அந்தப் படிவத்தில், 'மனையில் பழைய மரக்கூரை வீடு உள்ளதா?' என்ற ஒரு கேள்வியைச் சேர்க்கலாம். 'உள்ளது' எனில், அதன் படங்கள் முப்பது நாள் பொதுப்பார்வைக்கு வைக்கப்படட்டும். முழுதாக வாங்குபவர் முன்வரக்கூடும். பிரித்த மரங்களை மழை படாமல் அடுக்கிவைக்க மாவட்டத்துக்கு ஒரு கிடங்கு அமைக்கலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் முதிய தச்சர்களை அழைத்து மரப்பூட்டு வேலையைக் கற்பிக்கலாம். அரசே முன்னுதாரணமாகத் தன் பழைய ஓட்டுக் கட்டடங்களை ஏலம் விடும்போது, 'எண்ணிட்டுப் பிரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையை விதிக்கலாம்.

நாமக்கல்லில் கவிஞர் வெ. இராமலிங்கம் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக நிற்கிறது. பெயர் பெற்றோர் வாழ்ந்த வீட்டை அரசு காக்கும். நெசவாளரும் உழவரும் சிறுவணிகரும் வாழ்ந்த வீடுகளை யார் காப்பது? மரம் இன்னும் நூறாண்டு தாங்கலாம். அதைப் பூட்டவும் பிரிக்கவும் அறிந்த தச்சர்கள் அத்தனை காலம் இருக்கமாட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே தொடங்குவதுதான் அறிவுடைமை.