மூட்டைப் பூச்சிக்கு யார் சொந்தம்?

செம்பருத்திக் கொம்பில் வெள்ளை மாவைத் தூவினாற்போல் அப்பிக்கொண்டிருக்குமே, அந்த மாவுப் பூச்சிக்கும் கட்டில் சந்தில் ஒளியும் மூட்டைப் பூச்சிக்கும் உறவு உண்டென்றால் முகத்தைச் சுளிப்பீர்கள். ஆனால் உண்மை அதுதான்! இரண்டுக்கும் கடித்து மெல்லும் வாய் கிடையாது. ஊசிபோல் குத்தி உறிஞ்சும் குழல்தான். ஒன்று செடியின் சாற்றைக் குடிக்கிறது. மற்றது நம் ரத்தத்தை. கொசுவும் அப்படித்தானே என்பீர்கள். அது ஈயின் வம்சம். தொழில் ஒன்று, குலம் வேறு!

மாவுப் பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ, சில்வண்டு எல்லாம் ஒரே கிளை, மூட்டைப் பூச்சி தனிக் கிளை என்றுதான் விஞ்ஞானிகள் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 1990-களில் மரபணுவைச் சோதித்தபோது கணக்கு மாறிற்று. மரத்தில் ரீங்காரமிடும் சில்வண்டு, மாவுப் பூச்சியைவிட மூட்டைப் பூச்சிக்கே நெருங்கிய சொந்தமாம்!

இந்த உறவுமுறை தெரிந்து நமக்கென்ன லாபம் என்கிறீர்களா? கோவை விவசாயிகளைக் கேளுங்கள். 2008-ல் அங்கே தலைகாட்டிய ஒரு மாவுப் பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் சூறையாடியது. அதன் மெழுகுப் போர்வைக்குள் மருந்து இறங்கவில்லை. அது மெக்சிகோ பக்கத்துப் பப்பாளி மாவுப் பூச்சி என்று இனம் கண்ட பிறகே வழி பிறந்தது. அதன் உடலில் முட்டையிட்டு வளரும் சின்னஞ்சிறு குளவிகள் 2010-ல் போர்ட்டோ ரிகோவிலிருந்து வந்தன. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. சில மாதங்களில் தோட்டங்கள் மூச்சுவிட்டன.

நோயின் பெயர் தெரியாமல் வைத்தியர் மருந்து கொடுப்பாரா? பூச்சிக்கும் அதே கதைதான்!